முற்றத்தில் பூட்டிய நான்கு போல்ட்டுகள்

இரண்டு வருஷத்துக்கு முன்னர், நோன்புப் பெருநாள் கழிந்து மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலையில், புத்தளத்துக்குப் பக்கத்தில் பாலாவிச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் நடந்த விஷயம் இது. சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னொருவர் அதே பிழையை அவருடைய வீட்டு முற்றத்தில் செய்துவிடுவாரே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் உப்பளத்தில் வேலை செய்பவன். கடலோரக் களப்புத் தண்ணீரை உப்புப் பாத்திகளுக்கு ஏற்றும் பம்புகளைப் பார்ப்பது என் பொறுப்பு. எங்கள் பக்கத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. காலையில் மினுங்கும் ஆணி அடுத்த மாதம் சிவந்து உதிரும். பம்பில் ஒரு போல்ட்டைக் கழற்றிவிட்டு அப்படியே திருப்பிப் பூட்டினால் அடுத்த முறை அது கழலாது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் கழற்றிய எதையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, மரையில் தாராளமாகக் கிரீஸ் அப்பித்தான் மறுபடி பூட்டுவோம். பதினெட்டு வருஷமாக இதைச் செய்கிறேன். வீட்டுக் கேற்றின் கொண்டி, பிள்ளையின் சைக்கிள், கிணற்று மோட்டார், எதைக் கழற்றினாலும் என் கை தானாகவே கிரீஸ் டின்னைத் தேடும். எதைத் தொடங்கினாலும் பிஸ்மி சொல்வது போல அது எனக்கு ஒரு பழக்கம்.

கூடவே இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தச் சாமான் பழுதானாலும் நானே பார்ப்பேன், பாஸிடம் கொண்டுபோக மாட்டேன். எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் சொல்வோம். சில சமயம் திருந்தும், சில சமயம் பாஸிடம் இரட்டிப்பு வேலையாகப் போகும். என் மனைவி எனக்கு எஞ்சினியர் என்று பெயர் வைத்திருக்கிறாள். அதில் மரியாதை ஒரு சொட்டும் கிடையாது.

என்னிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருக்கிறது. அந்த வருஷம் நோன்புக்கு ஒரு மாதம் முன்னால் அதன் முன் பிரேக் கீச்சிட ஆரம்பித்தது. சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால் டிஸ்க் முழுவதும் தேய்ந்து விளிம்பு கட்டியிருந்தது. புத்தளத்தில் கராஜுக்குப் போனேன். காரை விட்டுவிட்டு நாலு நாள் கழித்து வரச் சொன்னார்கள். நாலு நாளா! எனக்கு அரை நாள் போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். இரவே யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தேன். அந்த மனிதர் நிறையக் கதைத்தார். கதைத்த இடங்களையெல்லாம் தள்ளிவிட்டுக் கழற்றுகிற இடங்களை மட்டும் பார்த்தேன்.

டிஸ்க்கும் பிரேக் கட்டைகளும் வாங்கப் போன சாமான் கடையில் முதலாளி நிதானமான மனிதர். எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, "போல்ட் செட்டும் தரட்டுமா நானா?" என்று கேட்டார். அண்ணனை நாங்கள் நானா என்போம்.

"போல்ட் என்ன பேக்கரிப் பாணா முதலாளி, நேத்து வாங்கினது இண்டைக்குப் பழசாகிறதுக்கு?" என்றேன். கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "அது பிரேக்கத் தாங்குற போல்ட். புதுசுல மரையிலயே பசை பூசி வரும், ஆட்டத்துல கழலாம இருக்க. ஒருக்காப் பாவிச்சா அந்தப் பசை செத்துப்போகும்" என்றார். நான் தலையாட்டிவிட்டு, போல்ட்டை விட்டு மற்றச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. காரின் சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றும். அதுதான் டிஸ்க். நாம் பிரேக்கை மிதித்ததும் அதைக் கிடுக்கி போல ஒன்று இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அந்தக் கிடுக்கியைத் தாங்கும் இரும்பு, பின்பக்கமாக இரண்டு தடித்த போல்ட்டுகளில் நிற்கிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமென்றால் அந்த இரண்டையும் கழற்றியாக வேண்டும். முன் சக்கரம் இரண்டுக்கும் நான்கு போல்ட்டுகள். ஒரு குடும்பத்தின் உயிர் அந்த நான்கில்தான் தொங்குகிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், கடையில் சிரித்தது போலவே சிரித்திருப்பேன்.

எங்கள் முற்றம் வெறும் மணல். ஜாக் புதையாமல் இருக்கத் தென்னம்பலகை ஒன்றைப் போட்டுக் காரைத் தூக்கினேன். கழற்றிய போல்ட்டுகளின் மரையில் நீல நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. முன்னால் வேலை செய்தவன் பெயின்ட் கையோடு தொட்டிருக்கிறான் என்று நினைத்து அவனைத் திட்டிக்கொண்டே கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தேன். முதலாளி சொன்ன பசை அதுதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. போல்ட்டுகள் பளபளவென்று வந்தன. பிறகு என்ன, கிரீஸ் டின். கை நிறைய அள்ளிப் பூசிப் பூட்டினேன். வெண்ணெய்க்குள் கத்தி போவது போல உள்ளே போயின.

கார் அருமையாக நின்றது. கீச்சுச் சத்தம் இல்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு தலவில வரை போய்ச் சடக்கென்று பிரேக் அடித்துக் காட்டினேன். "போதும் எஞ்சினியர், எனக்கு வயித்தக் கலக்குது" என்றாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். உப்பளத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் எங்கள் உப்புக் களஞ்சியத்தில் லொறிகளுக்கு எடை பார்க்கும் என் நண்பர். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். அவருடைய மனைவி குவைத்துக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பெண் பிள்ளைகளை அவர்தான் பார்த்துக்கொண்டார். பெரியவளுக்குப் பதினொரு வயது. சின்னவளுக்கு ஆறு. உம்மா போகும்போது அவளுக்குச் சரியாகப் பேச்சுக்கூட வரவில்லை. போன் திரையில் பார்த்த முகம்தான் அவளுக்கு உம்மா. மனைவி அனுப்பியதைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் ஒரு கார் வாங்கியிருந்தார். என்னுடையதைப் போன்ற அதே ரகம். மனைவி அந்தக் காரைப் பார்த்ததே இல்லை. பெருநாள் கழிந்து அவள் வரும்போது வாடகை வேனில் இல்லை, அவளுடைய சொந்தக் காரில் ஏர்போர்ட்டிலிருந்து கூட்டிவர வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் அதன் பிரேக்கும் கீச்சிட்டது.

"கராஜுக்கு எதுக்கு? நான் இருக்கிறேனே" என்றேன். கேட்காமலே சொன்னேன்.

நோன்பின் கடைசிப் பத்தில் ஒருநாள் அஸர்த் தொழுகைக்குப் பிறகு காரைக் கொண்டுவந்தார். எனக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சாமான்களை எடுத்துத் தந்தார். போல்ட்டுகளை நான் தேய்ப்பதைப் பார்த்து, "இது புதுசு போடத் தேவையில்லையா நானா?" என்று கேட்டார். நான் கடையில் சொன்ன அதே பாண் கதையைச் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரி" என்று விட்டுவிட்டார். கடைசி போல்ட்டைப் பூட்டும்போது நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து கஞ்சி வாசம் வந்தது. மனைவி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். ஸ்பேனரை ஓர் இழுப்பு இழுத்து, இறுகிவிட்டது என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். மனைவி வந்து இறங்குகிற நாள் என்பதால் நண்பர் லீவு. பிளேன் மத்தியானம் ஒன்றரைக்கு. எட்டு மணிக்கெல்லாம் வெளிக்கிடுவோம் என்று முதல் நாள் சொல்லியிருந்தார். நான் வழக்கம் போல வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் சுணங்கி நேரம் போய்விட்டது. பாலாவிச் சந்தி தெரிகிற தூரத்தில், முன்னால் போன பஸ் ஒன்று ஆட்களை இறக்க நின்றது. பிரேக்கை மிதித்தேன். கடகடவென்று ஒரு சத்தம். கார் இடது பக்கமாக இழுத்தது. ஏதோ இரும்பு சக்கரத்துக்குள் இடித்துச் சுரண்டிக்கொண்டு வந்தது. மெதுவாகப் போனதால் ரோட்டோரத்து மணலில் ஏறி நின்றுவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ், பக்கத்தில் ஒருவரும் இல்லை.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு போல்ட்டில் ஒன்று இல்லை. எங்கேயோ ரோட்டில் விழுந்துவிட்டது. மற்றது பாதி வெளியே வந்து வளைந்து நின்றது. அதன் மரையில் என் கிரீஸ் மினுங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணுக்கு அந்தக் கிரீஸ்தான் முதலில் பட்டது. அந்த நொடியில் நீலப் பசை, முதலாளி சொன்னது, எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. பம்ப் ஒரே இடத்தில் நின்று வேலை செய்கிறது. அதன் போல்ட் லேசாகக் கழல வேண்டும். ஓடுகிற வண்டியில் இந்த போல்ட் கழலவே கூடாது. நான் அதைக் கழலுவதற்கென்றே தயார் செய்து கொடுத்திருக்கிறேன்.

என் காரைப் பற்றி நினைக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. மணி ஒன்பது பத்து. நண்பரின் கார் எப்படியும் பாலாவியைத் தாண்டி சிலாபம் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு பிள்ளைகள். கீழே நான் பூட்டிய நான்கு போல்ட்டுகள்.

அவருக்குப் போனில் கோல் எடுத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரியும். வண்டி ஓட்டும்போது போனைத் தொடவே மாட்டார், சத்தத்தை நிறுத்திப் பெட்டிக்குள் வைத்துவிடுவார். எத்தனை தடவை எடுத்தேன் என்று தெரியாது.

ரோட்டின் மறுபக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. அதன் முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய லொறி ஒன்று நின்றது. அதன் டிரைவர் பால் விடாத பிளேன்டிக் கிளாஸோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சிலாபம் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைத்தார். வந்து சக்கரத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல வேளை நானா, தப்பினீங்க" என்றார்.

அப்போது எனக்கு ஒரு பொய் சொல்ல வாய் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நண்பரின் வீட்டில் அவசரம், அவரை நிறுத்த வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவசரம் என்றால் யாரும் ஒரு காரை நடுரோட்டில் மறிக்க மாட்டார்கள். பிரேக் என்றால்தான் மறிப்பார்கள். சொல்லிவிட்டேன். இன்னொரு காருக்கும் நான்தான் இப்படிப் பூட்டினேன், அது இப்போது இரண்டு பிள்ளைகளோடு இந்த ரோட்டில் போகிறது என்று முழுவதையும் சொன்னேன்.

அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார். "என்ன கலர்? நம்பர் சொல்லுங்க" என்றார். வெள்ளைக் கார், கூரையில் சாமான் கட்டுகிற கரியர் என்று சொன்னேன். "பயப்பட வேணாம். இப்ப இந்த ரோட்டுல எங்கட வண்டி ஏழெட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, லொறி டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குச் சிங்களத்தில் குரல் செய்தி ஒன்று அனுப்பினார். பிறகு இரண்டு மூன்று பேருக்குத் தனித்தனியாகக் கோல் எடுத்தார். கடைக்காரர் எனக்கு ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். என்னால் உட்கார முடியவில்லை. நின்றபடியே ஓதிக்கொண்டிருந்தேன். யா அல்லாஹ், தண்டனை என்றால் எனக்குத் தா, அந்தப் பிள்ளைகளுக்குத் தராதே என்று கேட்டேன். அந்த இருபது நிமிஷத்தைப் போல நீண்ட நேரத்தை என் வாழ்க்கையில் நான் கண்டதில்லை.

அங்கே நடந்தது பிறகுதான் தெரியும். எதிரே வந்த முதல் லொறிக்காரர் லைட்டை அடித்து அடித்துக் கையைக் காட்டியிருக்கிறார். எங்கள் நாட்டில் எதிரே வருகிற வண்டி லைட் அடித்தால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று அர்த்தம். நண்பரும் அப்படியே நினைத்து, நன்றி சொல்வதற்குத் தானும் ஒரு தடவை லைட் அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்துக்கொண்டு போயிருக்கிறார். இரண்டாவது லொறியும் லைட் அடித்தது. இன்றைக்குப் பெரிய சோதனை போல என்று பிள்ளைகளை பெல்ட் போடச் சொல்லி, இன்னும் மெதுவாகப் போனாராம். நிற்கவே இல்லை! மூன்றாவது ஆள் இதெல்லாம் சரிவராது என்று லொறியைக் குறுக்காகத் திருப்பி நிறுத்தி, இறங்கி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றுவிட்டார். அந்த இடத்துக்கு வரும்போது கார் மாட்டு வண்டி வேகத்தில்தான் வந்ததாம். பிரேக்குக்குப் பெரிய வேலை வரவில்லை.

என் போன் அடித்தது. நண்பரின் நம்பர்.

"நானா, உங்கட கோல் பதினேழு கிடக்கு. என்ன, யாரும் மௌத்தா?" என்று சாவுச் செய்தியை எதிர்பார்த்தவர் போலப் பதறினார்.

"இல்ல தம்பி. கார எடுக்காதீங்க. நான் பூட்டின போல்ட் பிழை. என்ட காருல இப்பதான் கழண்டு விழுந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் பின்னால் சின்னவள் "வாப்பா, ஏன் நிக்கிறோம்?" என்று கேட்பது மட்டும் கேட்டது. பிறகு அவர், "சரி நானா. முந்தல் தாண்டி ஒரு தம்பிலிக் கடைக்கிட்ட நிக்கிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சாமான் கடை முதலாளிக்குக் கோல் எடுத்தேன். நான் அன்றைக்கே சொன்னேனே என்று சொல்வார், கேட்டுக்கொள்வோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் எடுத்தேன். அவர் காரின் ரகத்தையும் வருஷத்தையும் மட்டும் கேட்டார். "நாலு போல்ட்டும், கிரீஸ் கழுவுற ஸ்பிரே ஒண்டும் கொழும்பு பஸ்ல குடுத்து விடுறன். கொண்டக்டர்கிட்ட உங்கட நம்பரக் குடுக்கிறன். கிரீஸ் ஒரு பொட்டும் இருக்கப்படாது நானா, உள் மரையையும் கழுவுங்க. பூட்டிட்டு சிலாபத்துல கராஜ் ஒண்டுல அளவு ஸ்பேனரால இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன்.

என் காரைத் தேத்தண்ணிக் கடைக்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஸ்பேனர் பெட்டியோடு உப்பு லொறியில் ஏறினேன். டிரைவர் அந்த வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறார். மதுரங்குளியைத் தாண்டியதும் அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஒருக்கா நான் பின் கதவைச் சரியாப் பூட்டல்ல. சீமெந்து மூட்டை ஒண்டு விழுந்துச்சு. பின்னால மோட்டார் சைக்கிள்ல ஒரு ஆள், பொம்பிளப் புள்ளையையும் வச்சிக்கிட்டு. ஒரு முழம் தள்ளி விழுந்ததால தப்பினாங்க. கயிறு அறுந்து போச்சுண்டு எல்லாருக்கும் சொன்னன். கயிறு அறுகல்ல. பன்னெண்டு வருஷம். இண்டைக்குத்தான் சொல்றன்."

பிள்ளைகளுக்காக நான் ஓதியதில் அவருக்கும் ஒரு துஆவைச் சேர்த்துக்கொண்டேன்.

முந்தலைத் தாண்டியதும் அந்த வெள்ளைக் காரைக் கண்டேன். பிள்ளைகள் இருவரும் ஒரே துணியில் தைத்த புதுச் சட்டையோடு தம்பிலி இளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நண்பர் என்னைப் பார்த்து ஸலாம் சொன்னார். ஜாக்கைப் போட்டேன். வலது சக்கரத்தில் இரண்டும் இறுகித்தான் இருந்தன. இடது சக்கரத்தைக் கழற்றியபோது அவர் எனக்குப் பக்கத்தில் குந்தினார். மேல் போல்ட் சரி. கீழ் போல்ட், அந்த நோன்பு திறக்கிற அவசரத்தில் பூட்டியது, தலை சற்று வெளியே வந்திருந்தது. நான் ஸ்பேனரை எடுப்பதற்குள் அவர் கையை நீட்டி, இரண்டு விரலால் அதைத் திருப்பினார். போத்தல் மூடியைப் போலச் சுற்றியது.

அவர் அந்தக் கிரீஸ் விரலைப் பார்த்தார். பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாஃப் பண்ணுங்க தம்பி" என்றேன். என் சொந்தத் தம்பியிடம்கூட நான் அப்படிக் கேட்டதில்லை.

தம்பிலிக் கடைக்காரர், தெரிந்த வேன் ஒன்று இருக்கிறது, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேரத்துக்குப் போய்விடலாம் என்று சொன்னார். நானும் அதுதான் சரி, நான் இங்கேயே இருந்து காரைத் திருத்துகிறேன் என்றேன். நண்பர் யோசித்தார். "பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். அரை மணித்தியாலம் என்றேன். "அப்ப நேரம் இருக்கு. நீங்களே பூட்டுங்க நானா. நான் பாத்துக்கிட்டு இருப்பன்" என்றார்.

பஸ் வந்தது. கொண்டக்டர் ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையிலிருந்தே என் போன் நம்பரின் கடைசி மூன்று எண்களைக் கத்திக்கொண்டு வந்து, பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு ஏறிவிட்டார். பிரித்துப் பார்த்தால் நான்கு போல்ட்டும் ஒரே அச்சாக, மரையில் நீலப் பசையோடு இருந்தன. அன்றைக்கு நான் தேய்த்துத் தள்ளிய அதே நீலம். கழுவினேன். துடைத்தேன். மறுபடி கழுவினேன். உள் மரையில் வெள்ளைத் துணியைத் திருகி விட்டு, அது வெள்ளையாகவே வரும்வரை விட்டேன். புது போல்ட் முறுகி முறுகித்தான் உள்ளே போனது. கடைசிப் பூட்டு வரை நண்பர் கண்ணை எடுக்கவில்லை. பிறகு நான்கையும் அவரே ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டு இழுத்துப் பார்த்தார்.

பிள்ளைகள் பின் சீட்டில் ஏறினார்கள். நான் சாமான்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் போகிற பஸ் எப்போது வரும் என்று ரோட்டைப் பார்த்தேன்.

"எங்க போறீங்க? ஏறுங்க நானா" என்றார் நண்பர்.

நான் என் சாரத்தையும் சட்டையையும் காட்டினேன். முழங்கை வரை கிரீஸ். "நீங்க பூட்டின பிரேக். நீங்களும் இருக்கணும்" என்றார். அதில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. முன் கதவைத் திறந்துவிட்டார். பெரியவள் எங்கிருந்தோ ஒரு பழைய பத்திரிகையை எடுத்து சீட்டில் விரித்தாள். ஏறி உட்கார்ந்தேன். முதல் வளைவில் அவர் பிரேக்கில் கால் வைத்தபோது நான் கதவின் கைபிடியை இறுக்கிப் பிடித்ததை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். நான் செய்த வேலையை எனக்கே நம்ப முடியவில்லை. இதே வேலையைத்தான் ஒரு மாதமாக அந்தக் குடும்பம் நம்பிக்கொண்டிருந்தது.

சிலாபத்தில் கராஜ் பாஸ், எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் அளவு ஸ்பேனரைப் போட்டு நான்கையும் பார்த்தார். இரண்டுக்குக் கொஞ்சம் இறுக்கம் கூட்டிவிட்டு, "இனிப் பயமில்லாமப் போகலாம்" என்றார். நண்பர் அப்போதுதான் சிரித்தார். அதற்குப் பிறகு ஏர்போர்ட் வரை அவர் வாய் ஓயவில்லை. மனைவிக்கு எந்தச் சீட், எந்த இடத்தில் நிறுத்திச் சாப்பிடுவது, எல்லாவற்றுக்கும் திட்டம் இருந்தது.

ஒன்றரைப் பிளேன் சுணங்கி இரண்டுக்கு இறங்கியது. மூன்று மணிக்கு அவள் தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். பெரியவள் ஓடினாள். சின்னவள் என் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு கண்ணால் பார்த்தபடி நின்றாள். தாய் பக்கத்தில் வரவில்லை. இரண்டு எட்டுத் தள்ளி நிலத்தில் முழங்காலிட்டு, அவளுடைய செல்லப் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னாள். போனில் கேட்டுப் பழகிய குரல்தானே. பிள்ளை என் சாரத்தை விட்டுவிட்டுப் போனாள். நான் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நண்பர் என்னைக் காட்டி, "நம்மட காருக்குப் பிரேக் போட்டவர் இவர்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் என் கிரீஸ் சட்டையைப் பார்த்துவிட்டு, "அல்லாஹ் பரக்கத் செய்வான் நானா" என்றாள். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. பெட்டிகள் ஏறியதும் காரில் எனக்கு இடம் இல்லை. நல்லதாகப் போயிற்று என்று பஸ்ஸில் தனியாக வந்தேன்.

மறுநாள் என் மனைவியிடம் முழுக் கதையையும் சொன்னேன். எஞ்சினியர் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை நண்பரின் மனைவி வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். கூடவே ஒரு செய்தியும் வந்தது: கண்டிக்கு ஒரு பயணம் போக இருக்கிறோம், அதற்கு முன்னால் நானா வந்து பிரேக்கை ஒருக்காப் பார்க்க வேண்டும்.

போனேன். பார்த்தேன். அளவு ஸ்பேனர் ஒன்றும் இப்போது என்னிடம் இருக்கிறது. பம்புக்குக் கிரீஸ் பூசுகிற கை இன்னும் பூசுகிறதுதான். ஆனால் வேறு யாருக்காகவும் ஒன்றைப் பூட்டி முடித்தால், நானும் அதில் ஏறி என் பிள்ளைகளையும் ஏற்றுவேனா என்று கேட்டு, ஓம் என்று மனம் சொன்ன பிறகுதான் கையைத் துடைக்கிறேன். விரலால் சுற்றிய அந்த போல்ட்டைக் கண்ணால் கண்ட பிறகும், தன் பிள்ளைகள் ஏறப்போகிற காரின் சக்கரத்தை ஒரு மனிதர் மறுபடி என் கையிலேயே தந்தாரே, அந்த நம்பிக்கைக்கு ஏற்ற ஆளாக இருக்க நான் இன்றைக்கும் முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்.